குழாயைக் கழற்றாமல் பார்த்த டைமிங்

தம்பி,

உன் கடிதம் போன வாரம் வியாழக்கிழமை கிடைத்தது. இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஒன்று, இஞ்சின். நீயும் உன் சிநேகிதர்களும் பூனாவில் ஒரு பழைய ஹெரால்டு காரை வாங்கி, இரட்டைக் கார்புரேட்டர் வைத்து, கேம் ஷாஃப்ட்டை மாற்றி, ரேஸுக்குத் தயார் செய்கிறீர்கள். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் இருபத்தாறு டிகிரி காட்டுகிறது, புத்தகத்தில் பத்து என்று போட்டிருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பத்துக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். இன்னொன்று, உன் கல்யாணப் பத்திரிகை. 'வெந்நீர் மாமாவுக்குத் தபாலில் அனுப்பினால் போதும் அப்பா, நீங்கள் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு காளவாசலுக்கு அலைய வேண்டாம். தாய்மாமன் முறைக்கு என் தலையில் உருமால் கட்ட அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி யாராவது இருக்கமாட்டார்களா' என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா? 'அவரைப் போல டைமிங் வைத்து நானும் வண்டியைக் கொதிக்கவிடக் கூடாதே, அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்' என்று ஒரு கேலி வேறு. நீ விளையாட்டாகத்தான் எழுதினாய். நான் அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் காட்டவில்லை.

முதலில் இஞ்சினுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். திருப்பாதே. ஸ்பார்க் எவ்வளவு முன்னால் விழ வேண்டும் என்று நீ வைத்த டைமிங் உன் இருபத்தாறில் பத்துதான். மிச்சம் பதினாறும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சின்னத் தகர டப்பா செய்கிற வேலை. வேக்குவம் அட்வான்ஸ் என்பது அதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலோ லேசாக மிதித்தோ ஓட்டும்போது இஞ்சினுக்குள் போகிற பெட்ரோலும் காற்றும் குறைவு. குறைவாக இருப்பது மெதுவாகத்தான் எரியும், ஆகவே கொஞ்சம் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். அந்த நேரத்தில் இஞ்சின் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும், டப்பாவுக்குள் இருக்கிற ஜவ்வு இழுபடும், ஸ்பார்க் முன்னால் நகரும். முழுசாக மிதித்தால் உறிஞ்சுவது நின்றுபோகும், டப்பா தன் பிடியை விட்டுவிடும், நீ வைத்த டைமிங் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே நீ வைத்தது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், முதலில் அந்த ரப்பர் குழாயைக் கழற்ற வேண்டும். இஞ்சின் பக்கத்துத் துவாரத்தை ஒரு திருகாணியால் அடைக்க வேண்டும். அதன் பிறகு லைட் அடித்துப் பார். பத்து காட்டும். குழாயைத் திரும்ப மாட்டு. இருபத்தாறு காட்டும். இரண்டும் சரி. முறுக்கான கேம் போட்ட இஞ்சின் நின்ற இடத்தில் முக்கி முனகும், அந்தப் பதினாறும் சேர்ந்தால்தான் ஒழுங்காக நின்று ஓடும். குழாயைக் கழற்றாமல் பார்த்துவிட்டு, அதிகம் என்று நினைத்துத் திருப்பினால், மேட்டில் முழுசாக மிதிக்கும்போது ஸ்பார்க் பதினாறு டிகிரி தாமதமாக விழும். நெருப்பு வெளியே போகிற வழியில் எரியும், இஞ்சின் சூடேறும், தண்ணீர் கொதிக்கும்.

இது எனக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று கேட்பாய். பாலிடெக்னிக்கில் வருடா வருடம் இதைப் பாடம் நடத்தி, 'முதலில் குழாயைக் கழற்று' என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டவன் நான். எழுதிப் போட்ட நானேதான் ஒரு நாள் கழற்றாமல் பார்த்தேன், திருப்பினேன். உன் மாமா வைத்த டைமிங்கில் ஒரு குறையும் இல்லை. வண்டியைக் கொதிக்க வைத்தவன் உன் அப்பன். பதிமூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

நம் ஹெரால்டு உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினேன். வாங்கியதுதான் நான், அதை வண்டியாக்கியது உன் மாமா. எட்டாவது தாண்டாதவர், காளவாசலில் மெக்கானிக் வேலைக்குத் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தவர், ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அரசரடி வீட்டுக்கு வந்து அந்த இஞ்சினைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். இரட்டைக் கார்புரேட்டருக்கு மேனிஃபோல்டு குழாயை அவரே வெட்டி ஒட்டினார். புதுக் கேமுக்கு நின்ற இடத்தில் உறிஞ்சும் சக்தி போதாது என்று, பழைய சாமான் குவியலில் தேடி வேறொரு வேக்குவம் டப்பா கொண்டுவந்தார். அது நல்லதா ஓட்டையா என்று எப்படிப் பார்த்தார் தெரியுமா? குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கின் நுனியால் அடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையால் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இருபதுவரை ஜவ்வு பிடித்து நின்றது. "பிடிக்குது மாப்ள, இது போதும்" என்றார். பாலிடெக்னிக்கில் இதற்கென்று மீட்டர் இருக்கிறது என்று நான் சொன்னேன். "நாக்கு பொய் சொல்லாதுல்ல" என்று சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. பொறாமை. படித்தவன் நான், ஆனால் இஞ்சின் அவர் பேச்சைத்தான் கேட்டது. உன் அம்மாவும் வாய் ஓயாமல் 'அண்ணன் கைபட்டா இரும்பும் இளகும்' என்பாள்.

கோயம்புத்தூரில் ரேஸ் கார்கள் வைத்திருந்த ஒருவர், யார் மூலமோ மாமாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, வண்டியை ஓட்டிப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் மாமாவைத் தன் தலைமை மெக்கானிக்காகக் கூட்டிப்போவதாகப் பேச்சு. விஜயதசமி அன்று தொடங்கினால் விளங்கும் என்று மாமாதான் அந்த நாளைக் குறித்தார். முந்தின நாள் ஆயுத பூஜை. காலையிலேயே மாமா குழாயைக் கழற்றி, அடைத்து, டைமிங் வைத்து, திரும்ப மாட்டிவிட்டார். அம்மா வண்டியைக் கழுவி, பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும் குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூஜை முடிந்தது. மாமா சாப்பிட்டுவிட்டு, கொட்டகையில் பொரி கொடுக்க வேண்டும் என்று போய்விட்டார். அவர் போன பிறகு நான் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். அவருடைய கருவிகளெல்லாம் பூஜையில் இருந்தன. என் டைமிங் லைட் மட்டும் பீரோவில் இருந்தது. அடித்துப் பார்த்தேன். இருபத்துநாலு காட்டியது. மாமா தப்புச் செய்துவிட்டார் என்று நினைத்தபோது எனக்குக் கவலை வரவில்லை தம்பி, சந்தோஷம் வந்தது.

குழாயைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கையைக் கொண்டுபோனேன். குழாயின் மேல் அம்மா வைத்த சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது. பூஜை போட்ட சாமானை மறுநாள் மறுபூஜைவரை கழற்றக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம். சரி, கழற்ற வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டரின் போல்டைச் சற்றுத் தளர்த்தித் திருப்பினால் அது கழற்றியதாகாது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். சாமிக்குப் பயந்தவன் மாதிரி குழாயை விட்டுவிட்டு, மச்சானுக்குப் பயப்படாமல் டைமிங்கைத் திருப்பினேன். பத்துக்கு வந்தது. போல்டை இறுக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து காப்பி குடித்தேன். நாளைக்கு வண்டி நன்றாக ஓடிய பிறகு, 'மச்சான், நான்தான் கொஞ்சம் சரிபண்ணினேன்' என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வதாக எண்ணம்.

மறுநாள் கோயம்புத்தூர்க்காரர் ஓட்டினார். மாமா முன்சீட்டில், நான் பின்சீட்டில். செக்கானூரணிவரை ஒன்றும் தெரியவில்லை. உசிலம்பட்டி தாண்டி, கணவாய் மேடு தொடங்கும் இடத்தில் அவர் முழுசாக மிதித்தார். வண்டி சேற்றில் படுத்த எருமையைப் போல நகர மறுத்தது. மாமா முன்னால் குனிந்து இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. 'நிறுத்துங்க, நான்தான் திருப்பினேன்' என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. சூட்டு முள் மேலே போய் முட்டியது, பானட்டிலிருந்து ஆவி வந்தது, வண்டி நின்றது. நான் முதல் ஆளாக இறங்கி ஓடினேன். எப்படியாவது சரிசெய்து மறைத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், பாலிடெக்னிக் வாத்தியார் நான், கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியில் துண்டைப் போட்டுத் திருகினேன். "மாப்ள, தொடாதீங்க" என்று மாமா என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மூடியை அழுத்திப் பிடித்தார். அதற்குள் அது பாதி திறந்துவிட்டது. தண்ணீர் முழுதும் அவருடைய வலது கையில் பாய்ந்தது.

அவர் கத்தவில்லை. சாலையோரத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், "டைமிங் யாரு வச்சது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் மாமா. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "அட்வான்ஸ் கொஞ்சம் ஜாஸ்தியோன்னு எனக்கும் நேத்தே பட்டுச்சு" என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைப்போலப் பெரிய பொய்யை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. அந்த மனுஷர் ஒரு லாரியில் ஏறி உசிலம்பட்டிக்குப் போனார், அங்கிருந்து அப்படியே ஊருக்குப் போய்விட்டார். மாமாவின் இரண்டு விரல்கள் வெந்து ஒட்டி, ஆறிய பிறகு மடங்காமல் போயின. கார்புரேட்டர் ஜெட் மாதிரிப் பொடிச் சாமானை எடுத்து மாட்ட முடியாத கை. அதன் பிறகு கோயம்புத்தூர் ஏது? லாரிக்குக் கிரீஸ் அடிக்கிற வேலைக்கு இறங்கிவிட்டார்.

வீட்டில் நான் சொன்ன கதை வேறு. மாமா டைமிங்கைத் தப்பாக வைத்தார், கொதிக்கிற மூடியை முட்டாள்தனமாக அவரே திறந்தார் என்று சொன்னேன். உனக்குப் பத்து வயது. நீ விழுந்து விழுந்து சிரிக்கும்படி நடித்துக் காட்டினேன். 'வெந்நீர் மாமா' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைச் சிரிப்பாக்கிவிட வேண்டும், பிறகு யாரும் கிளறிப் பார்க்கமாட்டார்கள். டி. கல்லுப்பட்டியில் பெரியப்பா வீட்டுக் காதுகுத்தில் நீ அவரை நேருக்கு நேராக அப்படிக் கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, சட்டைப்பையில் இடது கையை விட்டு ஒரு பப்பர்மிட்டு மிட்டாய் எடுத்து உன்னிடம் கொடுத்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டு விசேஷங்களுக்கு வந்தால் வாசலோடு நின்று போய்விடுவார். உனக்கு அவர் மேல் மரியாதை இல்லை என்றால் அது உன் குற்றம் இல்லை. உனக்கு ஊட்டியவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை காளவாசலுக்குப் போனேன். தட்டு எடுத்துப்போகவில்லை, உன் கடிதம் மட்டும் பையில் இருந்தது. ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "வாங்க மாப்ள, என்ன இந்தப் பக்கம்? தங்கச்சி நல்லாருக்கா?" என்றார். நான் உட்காரவில்லை. "மச்சான், அந்த ஆயுத பூசை அன்னிக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புனது நான்தான்" என்றேன். இதைச் சொல்லப் பதிமூன்று வருடம் ஆனது. சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"மறுநாளே தெரியும். நான் டைமிங் வச்சா கோடு போடாம விடுவேனா? டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒண்ணு, இஞ்சின் பிளாக்குல ஒண்ணு. வண்டிய இழுத்துட்டு வந்தப்புறம் பார்த்தேன், ரெண்டும் சேரல."

"அப்ப ஏன் மச்சான் என்னைக் கேக்கல?"

"கேட்டு? என் தங்கச்சி வாழுற வீடு மாப்ள அது. அவ என் மேல கோவப்பட்டா தீவாளி பொங்கலுக்குத்தான் வலிக்கும். உங்க மேல கோவப்பட்டா தெனமும் சோறு போடயில வலிக்கும்."

கொட்டகைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார், குடித்தோம். உன்னைப் பற்றிக் கேட்டார். பூனாவில் உன் இஞ்சின் இருபத்தாறு காட்டுகிறது என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "ரெட்டைக் கார்புரேட்டரா? கேம் எம்புட்டு லிஃப்ட்டாம்?" என்று விசாரித்தார். "கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, திருப்பிரப் போறான்" என்றார். கிளம்பும்போதுதான் அதைச் சொன்னார். "பத்திரிகை வைங்க, வாரேன். உருமா கட்டணுமா, கட்டுறேன். இந்தக் கையி அதுக்குப் போதும். ஒண்ணே ஒண்ணு, தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. வீட்டுக்கு வந்து அம்மா வைத்த சோற்றில் கை வைத்ததும்தான் அவர் சொன்னது உறைத்தது. அவருடைய மௌனத்தில் பதிமூன்று வருடம் குடியிருந்துவிட்டேன். இன்னும் எத்தனை வருடம்? நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். அப்பன் புத்தி சொல்லாமல் விடமாட்டான் என்று நினைப்பாய், சொல்கிறேன். உன் பெண்டாட்டி வைத்ததோ, மச்சினன் வைத்ததோ, ஒன்று உனக்குத் தப்பாகப் பட்டால், அவர்கள் இல்லாத நேரம் பார்த்துத் திருப்பாதே. கூப்பிட்டுக் கேள். ஒருவேளை அவர்களுக்குத் தெரிந்த ஒரு காரணம் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்பதற்கு வெட்கமாக இருந்தால், அந்த வெட்கத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார். நான் பார்க்கவில்லை.

இதுவரை சனிக்கிழமை எழுதினேன். தபாலில் போடுவதற்கு முன்னால், நேற்று, அம்மாவிடம் முழுதும் வாசித்துக் காட்டினேன். மாமாவுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் வாசித்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கடிதத்தில் கணவாய் வந்தபோது அவள் கை நின்றது. முடித்த பிறகு என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கீரையை மடியில் வைத்தபடியே சொன்னாள்.

"அந்தத் தீவாளிக்கு அண்ணன் கையில கட்டுப் போட்டுக்கிட்டு சேலை கொண்டாந்துச்சு. நீங்க குளிச்சிக்கிட்டிருந்தீங்க. என் புருசன நாலு பேரு முன்னாடி தலகுனிய வச்சுட்டு என்ன சேலை வேண்டிக்கெடக்குனு சொல்லி, வாசலோட திருப்பி விட்டேன். மறுவருசமும் கொண்டாந்துச்சு. அதையும் திருப்பி விட்டேன். மூணாவது வருசம் வரல. உங்களுக்காகத் திருப்பி விட்டேன்."

இது எனக்குத் தெரியாது தம்பி. நீயும் இதை யாரிடமும் கிளறிக் கேட்காதே. பிறந்த வீட்டுச் சேலையைத் திருப்பிவிடுவது ஒரு பெண்ணுக்கு என்ன என்று எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. அவள் எழுந்து கீரையை அடுப்படியில் வைத்தாள், எனக்குச் சோறு போட்டு மூடிவைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு, "காளவாசலுக்குப் போறேன்" என்றாள். 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வராமல் போனது இதுதான் முதல் தடவை. இன்றைக்குத் திங்கட்கிழமை.

பத்திரிகைக் கட்டு மேஜையில் இருக்கிறது. நான் யாருக்கும் வைக்கவில்லை. முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு, அதை நீதான் உன் கையால் வைக்க வேண்டும். ரயில் மதுரைக்கு வந்ததும் நேரே காளவாசலுக்குப் போ. அம்மாவும் அங்கேதான் இருப்பாள். மாமாவின் காலில் விழுந்து எழுந்திரு, அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே, அவளாகப் பேசட்டும். நான் அங்கே வரலாமா என்று மட்டும், கிளம்பும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து சொல்.

உன் அப்பா